பிராகோவின் ஞாயிற்றுக்கிழமை

'ஃபைனல்' என்ற சொல் காதில் விழுந்தாலே பிராகோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கானா நாட்டுக் குமாசியில் அசாஃபோ பக்கம் அவள் வேலை பார்த்த அச்சுக்கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. மூன்றிலும் 'ஃபைனல்', 'ஃபைனல் இரண்டு', 'நிஜ ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்', 'கடவுள் சத்தியமாக ஃபைனல்' என்று கோப்புகள் குவிந்து கிடந்தன. எதைத் திறந்தாலும் செத்துப்போன யாரோ ஒருவர் நல்ல துணி உடுத்திக்கொண்டு சிரிப்பார். இதில் எது அச்சுக்குப் போகவேண்டியது என்று கேட்டால், டிசைன் போடுகிற ஃபோசு தலையைச் சொறிவான்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் துக்கக்காரர்கள்தான். சுவரில் ஒட்டுகிற போஸ்டர், சடங்கன்று கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம், அதற்குள் வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் அஞ்சலி, பாட்டுகள், படங்கள் எல்லாம் அங்கே ஆகும். இதை வெறும் அச்சு வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊரில் யாரையும் அடக்கம் செய்து பார்க்காதவர்கள். எழுபதைத் தாண்டிப் போனவர் என்றால் வெள்ளை-கறுப்பு, மேலே 'நிறைவாழ்வுக்கு நன்றி'. நாற்பதில் போனவர் என்றால் சிவப்பு-கறுப்பு, மேலே 'என்ன அதிர்ச்சி'. அவசரத்தில் ஃபோசு ஒருமுறை தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவருக்கு 'என்ன அதிர்ச்சி' என்று போட்டுவிட்டான். பெரிய பேரன் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததால் பையன் பிழைத்தான்.

பிராகோ இந்தக் கடைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. எஃபிடுவாசேயில் டைப்பிங் படித்துவிட்டு வந்திருந்தாள். முதலாளி விரேடு அப்போது ஒரு டைப்ரைட்டரும் ஒரு நகல் மெஷினும்தான் வைத்திருந்தார். அஞ்சலி எழுத வராதவர்கள் அவளுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொல்வார்கள். அவள் அழுகையை விட்டுவிட்டு மற்றதை டைப் அடிப்பாள். பிறகு முதலாளி பெரிய மெஷின் வாங்கிப் போட்டார், தொப்பையும் போட்டார், தாஃபோ பக்கம் வீடு கட்டி வாடகைக்கு விடப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கடை என்றால் பிராகோ என்று ஆகிப்போயிற்று. இருபத்திரண்டு வருடம் ஓடியதே அவளுக்குத் தெரியவில்லை. கால் வீங்கியதை மட்டும் கவனித்தாள்.

சனிக்கிழமை சடங்கு என்றால் வியாழக்கிழமை புத்தகம் கைக்குப் போயாக வேண்டும். திங்களிலிருந்தே போன் அடிக்க ஆரம்பிக்கும்.

"அக்கா, ஒரு சின்னத் திருத்தம்தான்."

சின்னத் திருத்தம் என்றால் மூத்த மகனுக்கு மேலே இரண்டு பேரைச் சேர்க்கவேண்டும் என்று அர்த்தம். ஒரு பக்கம் தாய்வழி உறவுகள் கூப்பிடுவார்கள், இன்னொரு பக்கம் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், இரண்டு பேருக்கும் தெரியாமல் விதவை கூப்பிடுவாள். ஒருவர் சேர்க்கச் சொன்னதை மற்றவர் எடுக்கச் சொல்வார். யார் பெயர் எங்கே என்ற சண்டையெல்லாம் பிராகோவின் காது வழியாகத்தான் நடந்தது. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதும் வெளியே போய்ப் போனை எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை, கிழங்கு இடித்துச் செய்த ஃபுஃபுவோடு குழம்பில் கை வைத்த பிறகும் எடுப்பாள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு புது 'ஃபைனல்' முளைக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையிலேயே மயக்கம் வந்து பைண்டிங் மேஜை மேல் சாய்ந்தாள். பைண்டிங் பார்க்கிற தச்சிவாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார்.

"எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"வேலை இல்லாதப்ப தூங்குவேன்."

"வேலை எப்ப இருக்காது?"

டாக்டரம்மா சீட்டில் மாத்திரையின் பெயரை எழுதினார்.

"மாத்திரை பாதிதான் செய்யும். மீதிய நீங்கதான் செய்யணும். வாரத்துல ஒரு நாளாவது போனை அணைச்சிட்டுப் படுங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லல."

வீட்டில் அவள் கணவன் ஜாம்ஃபி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அவன் சுவாமேயில் லாரி மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம்.

"நாப்பத்தாறுன்னா உங்க கடை கணக்குப்படி சிவப்பு-கறுப்புதானே?"

"பேசாம சாப்பிடு."

"தலைப்பு என்னன்னு சொல்லிட்டீன்னா ஃபோசுகிட்ட இப்பவே சொல்லி வைக்கலாம்ல. அப்புறம் அவன் மாத்திப் போட்டுருவான்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் தட்டைத் தள்ளி வைத்தான்.

"இங்க பாரு. எங்க ஒர்க்‌ஷாப்ல ஒரு வண்டியப் பிரிச்சோம்னா அந்த வண்டியோட போல்ட்டு எல்லாம் ஒரே டப்பாவுலதான் போடுவோம். நாலு டப்பாவுல போட்டா அந்த வண்டி ரோட்டுக்கு வராது. உன் கடையில ஒரு பொணத்துக்கு எத்தனை டப்பா?"

பிராகோ எண்ணிப் பார்த்தாள். மூன்று கம்ப்யூட்டர், நாலு போன், தச்சிவாவின் நோட்டு, தன் தலை. எண்ணி முடிப்பதற்குள் களைத்துப் போனாள்.

அடுத்த வாரம் அவள் செய்த காரியங்கள் பார்க்க ஒன்றும் பெரிதில்லை. கடைச் சுவரில் நாலு பெரிய ஆணி அடித்தாள். ஒரு சாவுக்கு ஒரு காக்கி உறை. வந்த வேலை முதல் ஆணியில், டிசைனில் இருப்பது இரண்டாவதில், குடும்பம் பார்க்கவேண்டியது மூன்றாவதில், அச்சுக்குப் போவது நாலாவதில். படம், அஞ்சலித் தாள், பெயர்ப்பட்டியல் எல்லாம் அந்த உறைக்குள்தான் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிறவற்றையும் தாளில் எடுத்து அதற்குள் போடவேண்டும். கம்ப்யூட்டரில் ஒருவருக்கு ஒரே கோப்பு. பழைய 'ஃபைனல்'களை எல்லாம் ஃபோசு ஒரு மூலையில் அள்ளிப் போட்டு அதற்குக் 'கல்லறை' என்று பெயர் வைத்தான்.

கடைசியாக ஒரு மஞ்சள் அட்டை. அதில் வயது, தலைப்பு, துணி நிறம், பெயர் வரிசை, எத்தனை பிரதி என்று வரிசையாகக் கேள்விகள். அடியில் ஒரு கையெழுத்து. குடும்பத்தில் ஒருவர், ஒரே ஒருவர், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அவர் சொன்னால்தான் திருத்தம். வேறு யார் கூப்பிட்டாலும், "அட்டையில கையெழுத்துப் போட்டவர்கிட்ட பேசிக்குங்க" என்று சொல்லி வைத்துவிடவேண்டும்.

"அக்கா, சண்டைக்கு வருவாங்க" என்றான் ஃபோசு.

"அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்கட்டும். எனக்கு எதுக்கு அது?"

இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் ஊறியவளுக்கு எங்கள் ஊர்க் குடும்பங்களின் வழக்கம் எப்படி மறந்தது என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. மறந்துவிட ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அந்த ஆசையை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

மூன்று மாதம் கடை எண்ணெய் போட்ட மெஷின் மாதிரி ஓடியது. ஃபோசு ஐந்து மணிக்குக் கிளம்பிக் கால்பந்து ஆடப் போனான். தச்சிவா தன் தங்கை கடைக்கு வண்ண அச்சுப் போட்ட வாக்ஸ் துணி தைத்துக் கொடுத்தாள். பிராகோ ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைப் பூட்டினாள், போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்தாள், கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை விழித்தபோது பக்கத்து வீட்டில் ஃபுஃபு இடிக்கும் சத்தம் கேட்டது. காலையா மாலையா, தான் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்படியே கிடந்தாள். வேறு எதுவும் வேண்டாம், இது ஒன்று போதும் என்று அவளுக்குத் தோன்றியது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா கருவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகுதான் அந்த வாத்தியார் வேலை வந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எண்பத்தோரு வயது, ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவர். ஜெர்மனியிலிருந்து வந்த மூத்த மகன் அட்டையை அக்கறையாகப் பூர்த்தி செய்தான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். இப்படி ஒழுங்காக வேலை செய்கிற கடையைக் குமாசியில் பார்த்ததில்லை என்றும் சொன்னான். பிராகோவுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். தச்சிவா இலைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானூறு புத்தகங்கள் கட்டு கட்டாக வாசலில் இருந்தன. டாக்சியிலிருந்து கறுப்புத் துணி போர்த்திய ஒரு கிழவர் இறங்கினார். வாத்தியாரின் தாய்வழிக் குடும்பப் பெரியவர் சர்ஃபோ. ஒரு புத்தகத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து பிராகோவுக்கு முன்னால் வைத்தார்.

"இதை யார் எழுதினது பொண்ணே?"

முதலில் பிள்ளைகள், பிறகு மருமக்கள், பிறகு பேரன்கள். குடும்பப் பெரியவர் என்று அவருடைய பெயர் கடைசியில், பேரன்களுக்குக் கீழே இருந்தது.

"மூத்த பையன் கையெழுத்துப் போட்டிருக்காருங்க ஐயா." அட்டையை எடுத்துக் காட்டினாள்.

அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை.

"பொணம் யாருது?"

பிராகோ அட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ எஃபிடுவாசே பொண்ணுதானே? பொணம் யாருது?"

"தாய்வழிக் குடும்பத்துதுங்க."

"பெத்த பிள்ளைங்கறதுக்காக அப்பன் பொணம் அவனுதாயிடுமா? சோறு போட்டாங்கறதுக்காக பொண்டாட்டியுதாயிடுமா? குழி வெட்டறது நாங்க, சனிக்கிழமை நடு வாசல்ல உக்கார்றது நான். எல்லாரும் கையைப் பிடிச்சுத் துக்கம் கேக்கப்போறது என்கிட்ட. அந்த ஊருக்கு முன்னால என் பேரு பேரப்பசங்களுக்குக் கீழ. இந்தப் புத்தகம் என் வாசலுக்கு வந்தா நான் சடங்குக்கு வரமாட்டேன்."

கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று பிராகோ நினைத்தாள்.

நானூறு புத்தகத்திலும் அந்த ஒரு தாளைக் கிழித்து எடுத்துவிட்டுப் புதுத் தாளை ஒட்டினார்கள். ஃபோசு ஆட்டத்துக்குப் போகவில்லை. தச்சிவாவின் சோறு ஆறிப்போய் எறும்பு வந்தது. பெரியவர் சர்ஃபோ கிளம்பாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் எண்ணிக்கொண்டிருந்தார். கோபம் தணிந்த பிறகு அவரே பேசினார்.

"உன் ஆணி, உறை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்தக் கையெழுத்து எங்களுக்கு ஒத்துவராது. தாய்வழி ஒரு பக்கம், பிள்ளைங்க ஒரு பக்கம், கட்டினவ ஒரு பக்கம். மூணு பேரும் ஒரே மேஜையில உக்காரணும்."

"என்னைக்கு உக்காருவீங்க ஐயா? பெரியவங்க எல்லாம் ஊர்ல தோட்டத்துல இருக்கீங்க. பசங்க அக்ராவுல வேலைக்குப் போறாங்க. சனிக்கிழமை எல்லாருக்கும் வேற யாரோட சடங்காவது இருக்கு."

"ஞாயித்துக்கிழமை இருக்கே" என்றார் அவர், வேறு எதையோ எண்ணிக்கொண்டே.

அன்று வீட்டுக்குப் போகிறபோது பிராகோவுக்கு அழுகை வந்தது. ட்ரோட்ரோ மினிபஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்தச் சண்டையெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. முன்பு அவள் காது வழியாக, அச்சுக்கு முன்னால் நடந்தது. இப்போது அச்சுக்குப் பின்னால் நடக்கிறது. வேலையில் நிஜமான வேலை அதுதான், அதைத்தான் அவள் அட்டையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். இது புரிந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. யாராவது வந்து இல்லை, தப்பு, நீ போய்ப் படு என்று சொன்னால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையை விடாமல் பிடித்துக்கொள்ள அவள் பார்க்காத வழியில்லை. புதன் மாலை வைத்துப் பார்த்தாள், பெரியவர்கள் வரவில்லை. போனிலேயே மூன்று பேரையும் சேர்த்துப் பேச வைத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஃபோசுவை உட்காரச் சொன்னாள்.

"நானா? அக்கா, நான் வாயைத் தொறந்தாலே 'உனக்கு என்ன வயசுடா'ம்பாங்க. எங்க மாமா முன்னாலயே நான் நாற்காலியில உக்கார்றதில்ல."

தச்சிவாவைக் கேட்டாள். தச்சிவா, "நான் பைண்டிங்தான் பண்ணுவேன், பஞ்சாயத்து பண்ணமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பசையைக் கிண்டினாள். முதலாளிக்குப் போன் போட்டாள்.

"நீ இருக்கும்போது நான் எதுக்கும்மா? உன்னை மாதிரி யாரால முடியும்?" என்றார் விரேடு. முதலாளிகள் இப்படிப் புகழும்போது அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அட்டையின் அடியில் மூன்று கோடு போட்டாள். தாய்வழி, பிள்ளைகள், வாழ்க்கைத் துணை. மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடைக்கு வந்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து, முடிவானதும் கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை உறை முதல் ஆணியை விட்டு நகராது. ஃபோசுவும் தச்சிவாவும் பழையபடி ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். அரிசி டின்னுக்குள் இருந்த போன் வெளியே வந்தது.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லப்போற?" என்று கேட்டான் ஜாம்ஃபி.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"கடையையே சரி பண்ணிட்ட. உன்னை மட்டும் விட்டுட்ட" என்றான். கேலிக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது அம்போன்சா வீட்டு வேலை. இறந்தவர் கோகோ கொள்முதல் நிலையத்தில் எடை போடும் குமாஸ்தாவாக இருந்தவர், அறுபத்தெட்டு வயது. தாய்வழியில் பெரியவர் அம்போன்சாவும் அவருடைய தங்கை மகன் ஒருவனும் வந்தார்கள். பிள்ளைகள் பக்கம் மகள் வந்தாள். அவள் மடியில் குழந்தை. மூன்றாவது நாற்காலியில் ஃப்ரேமா என்ற பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது இருக்கும், சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தேழு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள். கடைசி மூன்று வருடம் அவர் கை கால் விழுந்து கிடந்தபோது ஊட்டிவிட்டதும் கழுவிவிட்டதும் அவள்தான். இதை அவள் சொல்லவில்லை, மகள் சொன்னாள்.

பிரச்சினை ஒரே வரியில் இருந்தது. புத்தகத்தில் 'விதவை' என்ற வரி வேண்டுமா, வேண்டாமா.

"மது போகல" என்றார் பெரியவர் அம்போன்சா. "அவன் இவங்க வீட்டுக்குக் கல்யாண மது கொண்டுபோனதா எங்க குடும்பத்துல யாருக்கும் தெரியாது. மது போகாம எப்படிப் பொண்டாட்டி? பிள்ளைங்களைப் போடறோம். இவங்களை எந்தப் பேர்ல போடறது?"

"மது வந்துச்சு" என்றாள் ஃப்ரேமா. "உங்க அண்ணன்தான் கொண்டாந்தாரு. எங்க மாமா கையில குடுத்தாரு."

"எங்க அண்ணன் செத்துட்டாரு. உங்க மாமாவும் செத்துட்டாரு. ரெண்டு பொணத்தைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?"

"அம்மாவை அசிங்கப்படுத்தாதீங்க" என்றாள் மகள்.

"யாரும்மா அசிங்கப்படுத்தறது? வழக்கத்தைச் சொல்றேன்."

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. பிராகோ நடுவில் உட்கார்ந்து ஒருவர் பேசும்போது மற்றவரைக் கையமர்த்தினாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் வேலை நெருக்கடி, சரியாகத் தூங்கியிருக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. கடையில் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் படுத்துப் பழகிய உடம்பு மூன்று மாதத்தில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண் திறந்தபோது கடை அமைதியாக இருந்தது. கன்னத்தில் மேஜை விளிம்பு பதிந்திருந்தது. எதிரே ஃப்ரேமா மட்டும் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் எங்க?"

"போயிட்டாங்க தங்கச்சி. இப்பதான். நீ அசந்துட்ட. பெரியவர்தான், 'பாவம், அந்தப் பொண்ணு தூங்கட்டும், மெதுவாப் பேசுங்க'ன்னாரு."

"என்னை எழுப்பலையா?"

"எழுப்ப மனசு வரல." ஃப்ரேமா மஞ்சள் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள். "எல்லாம் முடிஞ்சிருச்சு. பாரு."

பிராகோ பார்த்தாள். வயது, தலைப்பு, துணி நிறம், பிரதிகள், எல்லாம் பெரியவரின் தங்கை மகன் கையால் அழகாக எழுதியிருந்தது. அடியில் மூன்று கோட்டிலும் மூன்று கையெழுத்து. பெயர் வரிசையைப் படித்தாள். குடும்பப் பெரியவர், சகோதரிகள், சகோதரிகளின் மக்கள், இறந்தவரின் பிள்ளைகள், பேரன்கள். 'விதவை' என்று அச்சடித்திருந்த வரி ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்னக்கா?"

"விடு. மெதுவாப் பேசச் சொன்னாங்களா, என்னால மெதுவாச் சண்டை போட முடியல. பொண்ணு குழந்தை அழுதுதுன்னு வெளிய போயிட்டா. அவரு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். திரும்பி வந்த பொண்ணையும் நான்தான் போடச் சொல்லி அனுப்பிட்டேன்." தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள். "போனவருக்குத் தெரியும்ல நான் யாருன்னு. அது போதும்."

"அப்புறம் ஏன் நீங்க போகல?"

ஃப்ரேமா கைப்பையைத் திறந்து மூடினாள்.

"எனக்கே தெரியல. எழுந்திரிக்கணும்னு நினைச்சேன். கால் வரல."

பிராகோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட சட்டப்படி அதில் குறை ஒன்றும் இல்லை. மூன்று பக்கமும் வந்தார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினால் நாலு மணிக்கு வீட்டில் இருக்கலாம். ஜாம்ஃபி குழம்பைச் சூடாக்கி வைத்திருப்பான். சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு மணி நேரம் படுக்கலாம். நாளைக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. புத்தகத்தில் தன் பெயர் இல்லையே என்று சண்டைக்கு வரக்கூடியவள் எதிரே உட்கார்ந்து, விடு என்கிறாள்.

அவளுக்கு அந்த நேரத்தில் எல்லார் மேலும் கோபம் வந்தது. தூங்கவிட்ட கிழவர் மேல், வாயை மூடிக்கொண்ட ஃப்ரேமா மேல், தாஃபோவில் உட்கார்ந்து புகழ்கிற முதலாளி மேல். எல்லாவற்றையும் விடத் தன் மேல். இருபத்தேழு வருடக் குடும்பத்தை ஒரு கோடு அடித்துத் தள்ளும்போது அவள் இங்கேயேதான் இருந்தாள், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்க எப்படி வந்தாங்க? டாக்சியிலயா?"

"தங்கை மகனோட கார்ல. எதுக்கு?"

பிராகோ போனை எடுத்தாள்.

"வேண்டாம்மா. நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீ வீட்டுக்குப் போ. உன் முகமே சரியில்ல."

"நம்பர் அட்டையிலயே இருக்கு" என்றாள் பிராகோ, தனக்குத்தானே. அடித்தாள். நெடுநேரம் மணி போயிற்று. "ஐயா, பிராகோ பேசறேன், அசாஃபோ கடையிலேர்ந்து. இல்லைங்க, கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு. எனக்குத்தான் ஒண்ணு விளங்கல. எங்க போயிட்டிருக்கீங்க? மார்க்கெட் தாண்டலேன்னா அப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. இல்லைங்க, நாளைக்கு ஆகாது. உங்க பேரு போற புத்தகம் இது. நான் அச்சுக்கு விடமாட்டேன்."

மறுமுனையில் கிழவர் நெடுநேரம் முணுமுணுத்தார். தன் வயதைப் பற்றியும், வெயிலைப் பற்றியும், பெட்ரோலைப் பற்றியும், வளர்ப்பு சரியில்லாத பெண்களைப் பற்றியும் சொன்னார். அவள் "ஆமாங்க, ஆமாங்க" என்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். கடைசியில் வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டு பிராகோ ஜாம்ஃபிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டுவிடு, காத்திருக்காதே என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மஞ்சள் அட்டையை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிய அட்டை ஒன்றை எடுத்தாள். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, தூக்கம் முழுசாகக் கலையவில்லை. கண் எரிந்தது. மயக்கம் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரி பின்மண்டையில் துடிப்பு ஆரம்பித்திருந்தது.

ஃப்ரேமாவின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இங்க வாங்க அக்கா. அவங்க வர்றதுக்குள்ள சொல்லுங்க. மது வந்த அன்னிக்கு உங்க வீட்டுல யார் யார் இருந்தாங்க? உயிரோட இருக்கறவங்க பேரா சொல்லுங்க."

ஃப்ரேமா வந்து உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுது தங்கச்சி."

"நான் முழிச்சிருக்கேன்" என்றாள் பிராகோ. "முதல்லேர்ந்து சொல்லுங்க."